வெறும் வயிற்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு

பல் டாக்டரம்மா கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, "மேல் வரிசை முன்பல் ஓரத்தைப் பாருங்க சார்" என்றார். பார்த்தேன். பல்லின் நுனி வெள்ளையாக இல்லை. எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி மெலிந்து, பின்னால் இருந்த நாக்கின் நிழல் தெரிந்தது. "பாக்கு போடுவீங்களா? கூல்டிரிங்க்ஸ் நிறைய குடிப்பீங்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. "அப்படின்னா தினமும் புளிப்பா ஏதாவது?" அப்போதுதான் சொன்னேன், மூன்றரை மாதமாகக் காலையில் எழுந்ததும் ஆப்பிள் சீடர் வினிகர் குடிக்கிறேன் என்று. அவர் தலையாட்டினார். எனக்கு முன்னால் அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் அதே பதிலைச் சொன்னார்களாம்.

அந்த இரண்டு பேருக்காகவும், இனி வரப்போகிற மற்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். வினிகரை வேண்டாம் என்று சொல்வதற்காக இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பாட்டில் இருக்கிறது, வாரத்தில் நாலைந்து நாள் பயன்படுகிறது. ஆனால் அது வீட்டுக்குள் வந்த விதமும் இப்போது இருக்கிற விதமும் வேறு வேறு. நடுவில் என் பல் தேய்ந்தது, அம்மா ஒரு நாள் மயங்கி விழப் பார்த்தார்.

எனக்கு வயது 49. வீடு காட்பாடியில். 22 வருடமாக ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையில் டிரம் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114 என்று வந்தது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறார்கள். அதாவது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. பெரியப்பா அதனாலேயே காலில் இரண்டு விரலை இழந்தவர். அந்த 6.3 என்கிற எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய கால்தான்.

மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைக் குறைத்து நடங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அதே வாரம் குடியாத்தத்திலிருந்து வந்த மச்சான், பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். "மாமா, ஒரு மாசம் குடிச்சுப் பாருங்க. சுகர் தானா எறங்கிடும். எங்க ஆபீஸ்ல எல்லாரும் குடிக்கிறாங்க." அக்கறையோடு சொன்னவர் அவர். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குச் சொன்னவர்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எனக்குச் சொன்னார்: காலையில் வெறும் வயிற்றில், இரண்டு ஸ்பூன், கொஞ்சம் தண்ணீரில்.

அந்த 'இரண்டு ஸ்பூன்', 'கொஞ்சம் தண்ணீர்' இரண்டும்தான் முதல் தப்பு. எங்கள் வீட்டில் ஸ்பூன் என்றால் பொங்கல் சாப்பிடும் பெரிய ஸ்பூன். விளிம்பு வரை ஊற்றினால் அது எவ்வளவு பிடிக்கும் என்று ரொம்ப நாள் கழித்து இருமல் மருந்து மூடியால் அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட 18 மில்லி. இரண்டு ஸ்பூன் என்றால் 36 மில்லி. டீஸ்பூன் என்பது 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. சொன்னவர் எதை நினைத்துச் சொன்னாரோ, நான் அதற்கு மேலேயே குடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரும் அரை டம்ளர்தான். குடித்துவிட்டு வாயில் அந்தப் புளிப்பு போகட்டும் என்று உடனே பிரஷ் எடுத்து நன்றாகத் தேய்ப்பேன். இதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று பிறகு தெரிந்தது.

முதல் மாதம் நல்லதாகத்தான் தெரிந்தது. காலைப் பசி குறைந்தது, நாலு இட்லி சாப்பிடுகிற இடத்தில் மூன்று போதும் என்றிருந்தது. எடை ஒன்றரை கிலோ இறங்கியது. இரண்டாவது மாதத்தில் நெஞ்செரிச்சல் எட்டிப் பார்த்தது. காரம் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம், மே வெயிலில் வேலை முடிந்து வந்து பானைத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தபோது முன்பல் சுரீர் என்று இழுத்தது. வேலூரில் மே மாதம் பானைத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன்.

இந்தச் சரக்கு என்ன என்பதை எங்கள் வீட்டில் சரியாகச் சொன்னது அம்மாதான். முதல் நாளே பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, காடித் தண்ணி மாதிரி கீது?" என்றார். காடியேதான். ஒடுகத்தூர் பக்கம் அவர் பிறந்த ஊரில், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விட்ட பதநீர் மறுநாள் மூக்கைத் துளைக்கும் என்று சொல்வார். அங்கே நடப்பதுதான் ஆப்பிள் சாற்றிலும் நடக்கிறது. முதலில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. அப்புறம் காற்றில் இருக்கிற ஒரு வகை பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. பாட்டிலில் சுமார் 5 சதவீதம் அந்த அமிலம். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆப்பிளில் இருக்கிற நார்ச்சத்தோ வைட்டமினோ சொல்லிக்கொள்ளும்படி அதில் மிஞ்சுவதில்லை. பலன் என்று ஏதாவது இருந்தால் அது முக்கியமாக அந்த அமிலத்தால். கெடுதல் என்றாலும் அதே அமிலத்தால்தான்.

இதைச் சொல்லும்போது எனக்கு என் வேலை ஞாபகம் வருகிறது. தோலைப் பதனிடும் குரோம் உப்பில் போடுவதற்கு முன்னால் 'பிக்கிள்' என்று ஒரு கட்டம் உண்டு. டிரம்மில் தண்ணீரும் உப்பும் முதலில் போகும். உப்பு நன்றாக ஓடிய பிறகுதான் அமிலம். அதுவும் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, ஒரேயடியாக இல்லாமல் தவணை தவணையாக. உப்பில்லாமல் அமிலத்தைக் கொட்டினால் தோல் ஊதிப் பாழாகிவிடும். கடைசியில் பிஎச் 3 பக்கம் வந்ததா என்று பார்ப்போம். பிஎச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தோலின் ஓரத்தைக் கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் ஒரு சொட்டு இண்டிகேட்டர் விட்டால் உள்ளே எவ்வளவு தூரம் அமிலம் போயிருக்கிறது என்று நிறம் சொல்லிவிடும். நீலம் இருந்தால் இன்னும் போகவில்லை, மஞ்சள் என்றால் நடுவரை போய்விட்டது. இவ்வளவு கவனத்தை ஒரு ஆட்டுத் தோலுக்குக் கொடுக்கிற எனக்கு, என் வாய்க்கும் அது அமிலம்தான் என்று தோன்றவில்லை. மருந்து என்று பெயர் வைத்ததும் அமிலம் என்பது மறந்துவிட்டது.

பல் டாக்டரம்மா விளக்கியது இதுதான். பல்லின் மேல் பூச்சான எனாமல், வாயின் பிஎச் 5.5-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். வினிகர் 3 பக்கம் இருக்கிறது. குடித்த பிறகு எச்சில்தான் மெதுவாக அந்தப் புளிப்பைச் சமன் செய்து, இழந்த தாதுவைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது. அதற்கு அவகாசம் வேண்டும். அமிலத்தில் இளகி நிற்கிற எனாமல் மேல் உடனே பிரஷ் போட்டுத் தேய்த்தால், இளகியதை நாமே வழித்து எடுக்கிற மாதிரி. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் தேய்க்க வேண்டும். அதுவரை வெறும் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பினால் போதும். இரவில் படுக்கும் முன் குடிப்பது இன்னும் கெடுதல், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். போன எனாமல் திரும்பி வளராது என்பதையும் சொன்னார். அது எனக்கு நிஜமாகவே வலித்தது.

மறுநாள் வேலையிலிருந்து பிஎச் தாள் நாலு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். சமையலறையில் மகளும் நானும் நின்று பார்த்தோம். பாட்டிலில் இருந்தபடியே தொட்டால் 3-க்குச் சற்றுக் கீழே. நான் குடித்து வந்த அரை டம்ளர் கலவை 3-ஐக் கொஞ்சம் தாண்டியது. ஒரு டேபிள்ஸ்பூனைப் பெரிய டம்ளர் நிறைய, 250 மில்லி கேன் தண்ணீரில் கலந்தோம். அது 5-க்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 3-க்கும் 4-க்கும் நடுவிலேயே நின்றது. அசிட்டிக் அமிலம் வீரியம் குறைந்த அமிலம், தண்ணீர் ஊற்ற ஊற்றக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கிக் கொடுக்கும். தண்ணீர் கலந்தால் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நல்லது, மொத்தப் புளிப்பின் அடர்த்தி குறைகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 'தண்ணீர் கலந்துதானே குடிக்கிறேன், பல்லுக்கு ஒன்றும் ஆகாது' என்ற நினைப்பு சரியில்லை. மெல்ல மெல்ல அரை மணி நேரம் உறிஞ்சிக் குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் பல்லில் படுகிறது என்பதுதான் முக்கியம்.

இதெல்லாம் என் பல்லோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நான் குடிப்பதைப் பார்த்து அம்மாவும் தொடங்கியிருந்தார், எனக்குத் தெரியாது. "நீ குடிக்கிறியே, எனக்கு மட்டும் எதுக்கு வேணாம்?" என்று பிறகு கேட்டார். அவருக்கு 72 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு மாத்திரையும் போடுகிறவர்.

அது ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். அம்மா காலையில் குளித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வினிகரையும் குடித்துவிட்டு, கூழ் ஊற்றிய பிறகுதான் வாயில் எதுவும் போடுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரை மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, அத்தைக்கு வேர்த்துக் கொட்டுது, கூப்பிட்டா வேற என்னமோ பேசுறாங்க." போய்ப் பார்த்தால் ஜாக்கெட் முழுக்க நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது, என்னை என் தம்பி பெயரால் கூப்பிடுகிறார். விரலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை ரொம்பத் தாழ்ந்திருந்தது. 54.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தெரிந்திருந்தது கடவுள் புண்ணியம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், அது சுமார் 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்ததில் 81. அதற்குப் பிறகு கூழும் ஒரு வாழைப்பழமும். இதில் இரண்டு விஷயத்தைச் சர்க்கரைக்காரர் இருக்கிற எல்லா வீடும் மனதில் வைக்க வேண்டும். நினைவு தப்பி விழுங்க முடியாத நிலையில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுபவர்களுக்கு ஒரு தடவை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், அதனால் அன்றைக்குப் பூராவும் கண்காணிக்க வேண்டும். நாங்கள் அன்று இரவு வரை நாலு தடவை குத்திப் பார்த்தோம்.

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். முதல் காரணம் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தது. வினிகர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் அதுவும் இந்த வயதில், இந்த மாத்திரையோடு, யாரிடமும் சொல்லாமல் குடிக்கிற பொருள் இல்லை என்றார். வினிகர் வயிற்றில் இருக்கிற சாப்பாடு குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்தும். ரொம்ப வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களில் சிலருக்கு வயிற்று நரம்பு பாதித்து ஏற்கெனவே அது மெதுவாகத்தான் நடக்கும். 2007-ல் ஸ்வீடனில் அப்படிப்பட்ட 10 பேருக்கு 30 மில்லி ஆப்பிள் சீடர் வினிகரைத் தண்ணீரில் கொடுத்துப் பார்த்தபோது வயிறு காலியாவது இன்னும் தாமதமானது. மாத்திரையோ இன்சுலினோ ஒரு நேரக் கணக்கில் வேலை செய்கிறது, சாப்பாடு இன்னொரு நேரத்தில் இறங்குகிறது என்றால் சர்க்கரை தாழ வாய்ப்பு உண்டு.

அம்மாவின் சீட்டை வைத்துக்கொண்டு அவர் வேறு சிலரையும் சொன்னார். இன்சுலின் போடுபவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், இதயத்துக்கு டிகாக்ஸின் எடுப்பவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், அல்சரும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்கள். நீர் மாத்திரையில் பொட்டாசியம் குறையும், வினிகரை அதிகம் குடித்தாலும் குறையலாம். ஆஸ்திரியாவில் 28 வயதுப் பெண் ஒருவர் தினமும் 250 மில்லி அளவுக்குப் பல வருடம் குடித்து, பொட்டாசியம் குறைந்து எலும்பும் தேய்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததை 1998-ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாரும் அவ்வளவு குடிக்கப் போவதில்லைதான். ஆனால் ஒன்று நல்லது என்றால் நாலு இன்னும் நல்லது என்று நினைப்பது நம்மில் பல பேருக்குப் பழக்கம்.

இவ்வளவுக்கும் பிறகு பாட்டிலைக் குப்பையில் போட்டிருக்கலாம். மகள் தடுத்தாள். அவள் பி.ஃபார்ம் படிக்கிறாள். "அப்பா, சும்மா கிளப்பிவிட்டது இல்ல, கொஞ்சம் உண்மை இருக்கு, எது உண்மைன்னு பார்ப்போம்" என்றாள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரல் ஜான்ஸ்டன் என்பவர் 2004-ல் செய்த ஆய்வை எடுத்துக் காட்டினாள். மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் 20 கிராம் ஆப்பிள் சீடர் வினிகர் கொடுத்திருக்கிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நிலவரம் தெளிவாக மேம்பட்டிருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வினிகர் குடித்ததும் சாப்பாடு. நான் குடித்தது ஆறு மணிக்கு, இட்லி சாப்பிட்டது எட்டரைக்கு. எந்தச் சோற்றின் வேகத்தைக் குறைக்க அது உதவுமோ அந்தச் சோறு வருவதற்குள் என் வினிகர் வயிற்றைத் தாண்டிப் போயிருக்கும்.

எடை விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். ஜப்பானில் 2009-ல் வந்த ஆய்வில் பருமனானவர்கள் 12 வாரம் தினமும் 15 மில்லி வினிகர் எடுத்ததில் ஏறக்குறைய 1.2 கிலோவும், 30 மில்லி எடுத்தவர்கள் 1.9 கிலோவும் குறைந்தார்கள். மூன்று மாதத்தில் அவ்வளவுதான். லெபனானில் 120 இளைஞர்களை வைத்துச் செய்ததாக 2024-ல் ஒரு ஆய்வு வந்து, ஆறேழு கிலோ குறைந்தது என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் கட்டுரையை 2025 செப்டம்பரில் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது, கணக்கு சரியில்லை என்பதால். முதல் செய்தியை எனக்கு அனுப்பியவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். இரண்டாவது செய்தியை ஒருவர்கூட அனுப்பவில்லை.

அப்புறம் நாங்களே வீட்டில் அளந்து பார்த்தோம். நான் மாத்திரை எதுவும் எடுக்காதவன் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன், மாத்திரை போடுபவர்கள் இப்படித் தனியாக இறங்க வேண்டாம். ஒரே கிண்ணத்தால் இரண்டு கிண்ணம் சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல், கொஞ்சம் வெங்காயம். சாப்பிடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்ப்பது. வெங்காயம் சும்மா இருந்த நாலு நாளில் 182, 176, 190, 171. அதே வெங்காயத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் ஊற்றிச் சாப்பிட்ட நாலு நாளில் 160, 168, 155, 172. சராசரியில் 16 புள்ளி குறைவு. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மகள் சொன்னாள், வீட்டு மீட்டருக்கு 100-க்கு மேலே 15 சதவீதம் முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு, 180 என்றால் 27 புள்ளி வரை அதுவே விளையாடலாம் என்று. ஆகவே இதை நான் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆய்வுகள் சொல்லும் திசையிலேயே என் எண்களும் நகர்ந்தன, அவ்வளவுதான்.

மூன்றாவதாக இன்னொரு நாலு நாள். வினிகர் இல்லை, ஆனால் சாப்பிட்டு முடித்ததும் தெருவில் 15 நிமிடம் நடை. 148, 152, 144, 158. சராசரி 150 சொச்சம். எந்தப் பாட்டிலும் இல்லாமல் ஏறக்குறைய 30 புள்ளி இறங்கியது. இந்த எண்களை ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். மச்சான் வந்தபோது அதைத்தான் முதலில் காட்டினேன். "அப்போ நடக்கவே நடக்கலாமே மாமா" என்றார். இப்போது அவரும் சாப்பிட்டதும் உட்காருவதில்லை.

சரி, வினிகருக்கு எங்கள் வீட்டில் என்ன இடம் என்று கேட்டால், புளிக்கும் எலுமிச்சைக்கும் பக்கத்து இடம். நம் ஊரில் புளிப்புக்குப் பஞ்சமே கிடையாது. ஆம்பூர்ப் பிரியாணிக்குப் பக்கத்தில் புளி விட்ட கத்திரிக்காய் இல்லாமல் இலை முடியாது. ஆடியில் கேழ்வரகுக் கூழ் ஒரு நாள் புளித்தால்தான் கூழ். பழைய சோற்றுத் தண்ணீரும் புளிப்புதான். அமிலத்தின் வகை வேறு, கூழில் லாக்டிக், புளியில் டார்டாரிக், எலுமிச்சையில் சிட்ரிக். ஆனால் மாவுப் பண்டத்தோடு ஒரு புளிப்பைச் சேர்த்துச் சாப்பிடுவது நமக்குப் புதிதில்லை. வினிகரையும் அப்படியே, சாப்பாட்டோடு, தட்டில் வைத்துச் சாப்பிடத் தொடங்கியதும் என் நெஞ்செரிச்சல் இரண்டு வாரத்தில் நின்றது.

நாங்கள் செய்வது ரொம்பச் சுலபம். நேதாஜி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் நல்லதாகக் கிடைக்கும்போது வாங்கி, வட்டமாக நறுக்கி, ஒரு வெள்ளரிக்காய், கொஞ்சம் கேரட், கல் உப்பு, மிளகுத்தூள், கொத்தமல்லி. நாலு பேருக்கு மூன்று டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். பத்து நிமிடம் ஊறினால் வெங்காயம் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும், காரமும் அடங்கும். சோற்றுக்கு முன்னால் அதை ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் சோறு. காய் முதலில் போவதே தனியாக நல்லது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் சீசனில் அதைச் சுட்டு மசித்து, பூண்டு தட்டிப் போட்டு, புளிக்குப் பதிலாக இரண்டு டீஸ்பூன் வினிகர் விட்டுப் பாருங்கள். என் மனைவியின் கண்டுபிடிப்பு இது. புளி விட்டதைவிட எனக்கு இது பிடிக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு மடக்குத் தண்ணீரில் வாயைக் கொப்பளிப்பதை மட்டும் விடுவதில்லை.

குடித்தே தீர வேண்டும் என்பவர்கள், ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். எவ்வளவு ஆனாலும் நாளுக்கு இரண்டு டேபிள்ஸ்பூனைத் தாண்டாதீர்கள். பெரிய டம்ளர் தண்ணீர், சாப்பாட்டு நேரத்தில், ஸ்ட்ரா வைத்து. தேன் கலந்து குடித்தால் சர்க்கரையைக் குறைக்க சர்க்கரையையே சேர்க்கிற மாதிரி, அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் படியுங்கள். 'சிந்தெடிக் வினிகர்' என்று இருந்தால் அது புளிக்க வைத்துச் செய்தது இல்லை, அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தது. அடியில் நூல் நூலாக மிதக்கிற 'மதர்' என்பது அந்த பாக்டீரியாவும் அது உண்டாக்கிய நாரும். கெட்டுப்போனது இல்லை, குலுக்கி ஊற்றலாம். ஆனால் அது இருந்தால்தான் பலன் என்று இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை, சர்க்கரை விஷயத்தில் வேலை செய்வது அமிலம்தான். மாத்திரை வடிவத்தில் வருவதை நான் தொட மாட்டேன். அப்படி ஒரு மாத்திரை தொண்டையில் சிக்கி உணவுக்குழாய் புண்ணான சம்பவம் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது.

முகப்பருவுக்கு, மருவுக்கு, அரிப்புக்கு என்று பஞ்சில் நனைத்துக் கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மகளின் தோழி ஒருத்தி இரவு முழுக்கக் கன்னத்தில் வைத்துவிட்டுத் தோல் வெந்துபோய் வந்தாள். வடு மறைய நாலு மாதம் ஆனது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2019-ல் தோல் அழற்சிக்கு இதைத் தண்ணீரில் கலந்து ஊறவைத்துப் பார்த்த 22 பேரில் 16 பேருக்கு எரிச்சல்தான் வந்தது. அமிலம் தோலை என்ன செய்யும் என்பதைத் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன், பிள்ளைகள் முகத்தில் இதைப் போட விடாதீர்கள்.

கிட்னி கல் கரையும், புற்றுநோய் போகும், ரத்தம் சுத்தமாகும் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. அந்த நம்பிக்கையில் யாராவது ஓடிக்கொண்டிருக்கிற சிகிச்சையை நிறுத்துகிறார்கள் என்றால், அவர்கள் வீட்டில் ஒருவராவது உட்கார்ந்து பேச வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் மனிதர்கள் வந்து இறங்குகிற காட்பாடியில் இருந்துகொண்டு, பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்காமல் நான் மூன்றரை மாதம் குடித்தேன் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

எட்டு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எனக்கு ஹெச்பிஏ1சி 5.9. இதில் வினிகரின் பங்கு எவ்வளவு, குறைத்த ஒரு கிண்ணம் சோற்றின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் கணிப்பில் வினிகர் மூன்றாவது இடம். முன்பல் ஓரத்தில் டாக்டரம்மா பல் நிறத்திலேயே பூச்சு வைத்துக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டுகிறேன், மேற்கொண்டு தேயவில்லை. பானைத் தண்ணீர் இப்போது குடிக்க முடிகிறது.

அம்மாவுக்கு வினிகர் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஊறிய வெங்காயத்தில் இரண்டு துண்டு தவிர. ஆடி வெள்ளிக்கு என்ன செய்வது என்றும் அவரிடமே கேட்டோம். அன்றைக்கு மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சீட்டில் தனியாக எழுதிக் கொடுத்தார். போன ஆடியில் அம்மா அந்தச் சீட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் கோயிலுக்குப் போனார். கூழ் ஊற்றத் தாமதமாகும் என்று தெரிந்ததும் பூசாரியிடமே முதல் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, அப்புறம்தான் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.